தன் கையின் நிறத்தைத் தீட்டத் தெரிந்த பிள்ளை

ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் ஒரு வெள்ளைத் தாளையும் கிரேயான் பெட்டியையும் கொடுத்து, "உன்னை நீயே வரை" என்று சொல்லிப் பாருங்கள். தலை, கண், கை, கால், ரிப்பன் எல்லாம் வந்துவிடும். முகத்துக்கு நிறம் தீட்டும்போது பல பிள்ளைகளின் கை வெளிர் ரோஜா நிறக் குச்சியைத்தான் தேடும். அந்தக் குச்சிக்குக் கடைக்காரரும் பிள்ளைகளும் வைத்திருக்கும் பெயர் 'ஸ்கின் கலர்'. சோளக்காட்டிலும் முந்திரிக்காட்டிலும் வெயில் குடித்து உழைக்கிற பெரம்பலூர், அரியலூர் மக்களில் அந்த நிறத் தோல் யாருக்கு இருக்கிறது?

இது சின்ன விஷயம் அல்ல. நம் ஊர்களில் "கருப்பு" என்ற சொல் பல நேரம் நிறத்தை மட்டும் சொல்வதில்லை. எந்தத் தெரு என்பதையும் சேர்த்தே சொல்கிறது. சேரியில் பிறந்த குழந்தை எழுத்துக் கற்கும் முன்பே இந்த ஏளனத்தைக் கற்றுவிடுகிறது.

அமெரிக்காவில் இதைச் சோதித்துக் காட்டினார்கள் கறுப்பின உளவியலாளர்களான கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி. 1940களில் அவர்கள் நடத்திய பொம்மைச் சோதனை பலருக்குத் தெரியும். அதோடு ஒரு வண்ணச் சோதனையும் இருந்தது. இலை, ஆப்பிள், ஆரஞ்சு, எலி ஆகிய படங்களுக்கு முதலில் நிறம் தீட்டச் சொன்னார்கள். பிறகு ஒரு குழந்தையின் படத்தைக் கொடுத்து, அது நீதான் என்று நினைத்துத் தீட்டச் சொன்னார்கள். இலைக்குப் பச்சையைச் சரியாகத் தீட்டிய கருநிறக் குழந்தைகளில் சிலர், தம்மை மட்டும் வெளிறிய நிறத்தில் தீட்டினர். சிலர் சம்பந்தமே இல்லாத நிறத்தை எடுத்தனர். அவர்களுக்கு நிறம் தெரியாமல் இல்லை; தன் நிறம்தான் பிடிக்காமல் போயிருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது கென்னத் கிளார்க்கின் ஆய்வையும் சுட்டிக்காட்டியது.

வெளிர் ரோஜாக் குச்சிக்கு 'சதை நிறம்' என்று பெயர் வைத்திருந்த கிரேயோலா நிறுவனம் 1962இல் அதை 'பீச்' என்று மாற்றியது. 2020இல் மனிதத் தோல் நிறங்கள் 24 கொண்ட பெட்டியையே வெளியிட்டது. நம் கடைகளிலும் வகுப்பறைகளிலும் பழைய பெயர் இன்னும் புழங்குகிறது.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்டத்தில் பத்தில் மூவர் பட்டியல் சாதியினர். அரியலூரில் நான்கில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு. இந்த வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் படிப்பது அரசுத் தொடக்கப் பள்ளியிலும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியிலும்தான். அங்கே ஓவிய ஆசிரியர் இருக்கிறாரா? கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை, ஆறு முதல் எட்டு வரையிலான வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் பகுதிநேரக் கலை ஆசிரியர் வேண்டும் என்கிறது. தொடக்க வகுப்புகளுக்கு அந்த ஏற்பாடு இல்லை. 2012இல் தமிழக அரசு மாதம் 5,000 ரூபாய் ஊதியத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி எல்லாம் சேர்த்த எண்ணிக்கை இது. அவர்களும் ஆறாம் வகுப்புக்கு மேல்தான். ஆக, நிறத்தைப் பற்றிய நினைப்பு உருவாகும் ஐந்து வயதில் நம் பிள்ளைக்கு ஓவிய ஆசிரியர் இல்லை.

அரசு இலவசமாகக் கிரேயானும் வண்ணப் பென்சிலும் தருகிறது. அது நல்ல திட்டம். ஆனால் குச்சி மட்டும் பாடம் ஆகாது. பழுப்பின் மேல் மஞ்சளை மெல்லத் தேய்த்தால் ஒரு நிறம், ஆரஞ்சின் மேல் கொஞ்சம் கருப்பைத் தேய்த்தால் இன்னொரு நிறம் என்று காட்டித் தர ஒருவர் வேண்டும். "உன் கையைத் தாளின் மேல் வை. அந்த நிறம் வரும்வரை கலந்து பார்" என்று சொல்ல வேண்டும். வகுப்பில் முப்பது பிள்ளை இருந்தால் முப்பது பழுப்பு வரும். அந்த முப்பதில் எது ஊர், எது சேரி என்று யாராலும் பிரிக்க முடியாது.

பெட்டி தீர்ந்துவிட்டால் மண் இருக்கிறது. காரை, கொளக்காநத்தம் பக்கம் ஓடை அரித்த மேடுகளில் துரு நிறமும் காவி மஞ்சளும் சாம்பலும் வரிவரியாகத் தெரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த மண் அது. பெரம்பலூரில் பருத்தி விளையும் கரிசல், ஜெயங்கொண்டம், ஆண்டிமடம் பக்கம் முந்திரி நிற்கும் செம்மண், அரியலூரில் சுண்ணாம்புக்கல். மண்ணைச் சலித்து, தண்ணீரில் கரைத்து, கல்லும் மணலும் அடியில் தங்கியபின் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் வடித்து வண்டலைப் படியவிட்டால் சாயம் தயார். ஒட்டுவதற்கு வேப்பம்பிசின் போதும். கருப்புக்கு அடுப்புக்கரி. மஞ்சள் தூளில் துளி சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும். சுண்ணாம்பை மட்டும் ஆசிரியரே தொட வேண்டும். எந்தப் பிள்ளையும் காசு இல்லாததால் பின்தங்காது.

என்ன நிறம் என்பதோடு எதை வரைவது என்ற கேள்வியும் உண்டு. இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓட்டு வீடு, ஒரு தென்னை: இதை நகலெடுத்தால் 'வெரிகுட்'. சேரிப் பிள்ளையின் கண்ணில் வேறு படங்கள் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் லாரி, தண்ணீர்த் தொட்டி, அப்பாவின் பறை, நீலக் கோட்டு அணிந்த அம்பேத்கர் சிலை. சில ஊர்களில் அந்தச் சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு. பிள்ளை கூண்டையும் சேர்த்து வரைந்தால், "இது வேண்டாம், அழி" என்று சொல்லாதீர்கள். பார்த்ததை வரைகிற துணிவுதான் கலையின் முதல் பாடம்.

இல்லையென்றால் நிறத்தை வேறொருவர் சொல்லிக்கொடுப்பார். மேல்வகுப்புக்குப் போனதும் சாதிக்கு ஒரு நிறக் கயிறு கையில் ஏறுகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதி மாணவர் சக மாணவர்களால் வெட்டப்பட்டதை மறக்க முடியாது. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, வண்ணக் கயிறுகளைத் தடைசெய்யச் சொன்னது. தடை வேண்டியதுதான். ஆனால் கயிறு அவிழ்ந்த கைக்குத் தூரிகையும் தர வேண்டும்.

நம் கோரிக்கைகள் எளியவை. தொடக்கப் பள்ளிகளுக்காக ஒவ்வொரு ஒன்றியத்திலும் சுற்றிவரும் ஓவிய ஆசிரியர்களை நியமியுங்கள். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளை அந்தப் பட்டியலில் முதலில் வையுங்கள். வாரம் ஒரு ஓவிய வகுப்பைக் கணக்குப் பாடத்துக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி மாணவர்களே, விடுமுறையில் ஊருக்கு வரும்போது உங்கள் தெருப் பிள்ளைகளோடு ஒரு மாலை உட்காருங்கள். அந்த வெளிர் ரோஜாக் குச்சியை எடுத்து, "இது ஸ்கின் கலர் இல்லை, வெறும் ரோஜா நிறம்" என்று சொல்லுங்கள்.