தவில் மைக்ல தாளம் விழுதா?

மேளம் ரெக்கார்ட் பண்ணிட்டு, தவில் டிராக்கை மட்டும் தனியா போட்டுக் கேளுங்க. தவிலைவிட தாளத்தோட ஜிங் ஜிங் சத்தம் முன்னால நிக்குதா? ட்ரம்ஸ்ல ஹை-ஹாட் சத்தம் ஸ்னேர் மைக்ல வந்து விழுதே, அதே பிரச்சினைதான். இன்னைக்கு அதைச் சரி பண்ணுவோம்.

நம்ம புதுக்கோட்டைப் பக்கம் திருவிழா மேளத்தைப் பதிவு பண்ற தம்பிங்க நிறைய பேர் எடுத்ததும் ஈக்யூல கை வைக்கிறாங்க. 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல வெட்டினா தாளம் அடங்கும், உண்மைதான். ஆனா வலந்தலையில விரல் கூடு படுற அந்த டக்கும் சேர்ந்தே போயிடும். அது இல்லாம தவில் ஏது? நாய்ஸ் கேட் போட்டா தாளம் துண்டு துண்டா விட்டு விட்டுக் கேக்கும். கம்ப்ரஸர் இன்னும் மோசம், ரெண்டு அடிக்கு நடுவுல தாளத்தைத் தூக்கிக் காட்டும்.

அதனால வேலையை ரெக்கார்ட் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடியே முடிச்சிடணும். தாளக்காரர் மூணடி தூரத்துல இருந்தா ஆறடிக்குத் தள்ளி உக்கார வைங்க. திறந்தவெளியில இதுலயே 6 டெசிபல் குறையும். அறைக்குள்ள அவ்வளவு குறையாது, சுவர்ல பட்டு திரும்பி வரும். சுவரை ஒட்டாம கொஞ்சம் இடைவெளி விட்டு கனமான கம்பளியைத் தொங்க விடுங்க. "அண்ணே, அங்கேருந்து தவில்காரர் கை தெரியுதா?"ன்னு அவர்கிட்ட கேட்டுக்குங்க. பார்வை மறைஞ்சா காலப்பிரமாணமே ஆடிப்போகும்.

அடுத்து மைக்கோட முகம். எஸ்எம்57 மாதிரி கார்டியாய்டு மைக்குக்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம். பீட்டா 57ஏ மாதிரி சூப்பர்கார்டியாய்டுக்கு அப்படியில்ல. முகத்துலேருந்து சுமார் 125 டிகிரி, அதாவது பின்பக்கத்து ரெண்டு ஓரமும்தான் மந்தம். வலந்தலை மைக்கைத் தோலுக்கு ஒரு சாண் தூரத்துல வெச்சு, அந்த மந்தமான பக்கம் தாளத்தைப் பார்க்கிற மாதிரி திருப்புங்க. அப்படிச் செஞ்சா மறுபக்கத்துத் தொப்பி மைக் தாளத்துக்கு நேரா வந்துடுமேன்னு தோணும். வரட்டும். நடுவுல தவிலே மறைப்பா நிக்குது. தொப்பி கனமான நாதம், அதுல மேல் சத்தத்தை வெட்டினா பெரிய நஷ்டமில்ல.

ஒண்ணே ஒண்ணு, எல்லா ஜிங் ஜிங்கும் வேண்டாத சத்தம் இல்ல. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த கஞ்சிராவுல சில்லு சட்டத்துக்குள்ளயே இருக்கு. அந்தச் சிலுசிலுப்பு கஞ்சிராவோட சொந்தக் குரல், அதை அடக்கப் பார்க்காதீங்க.

பதிவு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தாளத்தை மட்டும் ஒரு நிமிஷம் போடச் சொல்லி, தவில் மைக் ரெண்டையும் ஹெட்ஃபோன்ல கேளுங்க. சத்தம் அதிகமா வந்தா மிக்ஸர்ல கை வைக்காதீங்க, எழுந்து போய் மைக்கை நகர்த்துங்க.