அலவனின் ஓட்டமும் ஓய்வும்

நெய்தல் நிலத்து மகளிர் கடற்கரை மணலில் நண்டுகளைத் துரத்தி விளையாடியதைச் சங்கப் பாடல்கள் காட்டுகின்றன. அவ்விளையாட்டு ‘அலவனாட்டு’ எனப்பட்டது. அலவன் என்பது நண்டைக் குறிக்கும் பழஞ்சொல். துரத்துவோர்க்கு அது பொழுதுபோக்கு. ஓடும் அலவனுக்கோ உயிர் காக்கும் முயற்சி. அச்சிற்றுடல் ஓட்டத்திற்கு வேண்டிய ஆற்றலை எங்கிருந்து பெறுகிறது? சிறிது தொலைவு விரைந்தபின் ஏன் நின்றுவிடுகிறது?

மூச்சும் குருதியும்

நண்டு செவுள்களால் மூச்சுவிடும் உயிரி. முதுகோட்டின் இருபுறமும் உள்ள அறைகளுள் செவுள்கள் அமைந்துள்ளன. கடலில் வாழும் நண்டுகளில், வாய்ப்பகுதியிலுள்ள துடுப்புப் போன்ற சிற்றுறுப்பு அசைந்து அவ்வறைகளின் வழியே நீரைச் செலுத்துகிறது. மணலில் வளை தோண்டி வாழும் நண்டுகள் நெடுநேரம் நீருக்கு வெளியே உலவுகின்றன. அவற்றின் செவுளறைச் சுவரில் குருதி செறிந்து பாய்வதால், அச்சுவர் நுரையீரல் போலக் காற்றிலிருந்து ஆக்சிஜனை ஏற்கிறது. ஆயினும் செவுள்கள் உலர்ந்துவிடலாகாது. எனவே, கால்களின் அடிப்பகுதியிலுள்ள மயிர்க்கற்றைகளால் ஈரமணலின் நீரை உறிஞ்சி அவற்றை நனைத்துக்கொள்கின்றன.

நம் குருதியில் இரும்பைக் கொண்ட ஹீமோகுளோபின் ஆக்சிஜனைச் சுமக்கிறது. நண்டின் குருதியில் அப்பணியைச் செய்வது தாமிரத்தைக் கொண்ட ஹீமோசயனின். அது ஆக்சிஜனை ஏற்கும்போது நீலநிறம் பெறும்; இழக்கும்போது நிறமற்றதாகும்.

ஆற்றலின் இரு வழிகள்

தசை இயங்குவதற்கு ஏ.டி.பி. என்னும் மூலக்கூறு தேவை. ஆக்சிஜன் போதிய அளவு கிடைக்கும்போது, ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து ஏறத்தாழ 30 ஏ.டி.பி. மூலக்கூறுகள் உருவாகின்றன. இது சிக்கனமான வழி. எனினும் மூச்சும் குருதியோட்டமும் விரைவுபெறச் சற்று நேரமாகும்.

பறவையின் நிழல் மேலே விழுந்த நொடியில் நண்டு அதுவரை காத்திருக்க இயலாது. தசையில் சேமிக்கப்பட்டுள்ள ஆர்ஜினின் பாஸ்பேட் என்னும் பொருள் முதலில் கைகொடுக்கிறது. அது குறையும்போது, ஆக்சிஜன் இன்றியே குளுக்கோஸ் சிதைக்கப்படுகிறது. இவ்வழி விரைவானது, ஆனால் ஒரு குளுக்கோசிலிருந்து நிகரமாக 2 ஏ.டி.பி. மட்டுமே கிடைக்கும். அதனுடன் லாக்டிக் அமிலமும் தேங்கித் தசை சோர்வடைகிறது.

கடனும் ஓய்வும்

மணல் நண்டின் பேரினப் பெயரான ‘ஓசிபோட்’ என்பதற்குக் கிரேக்க மொழியில் விரைந்த காலுடையது என்பது பொருள். பெயருக்கேற்ப அது நொடிக்கு ஏறத்தாழ 2 மீட்டர் தொலைவைக் கடக்க வல்லது. ஆயினும் அவ்விரைவு நெடுநேரம் நீடிப்பதில்லை. ஆக்சிஜன் இன்றிப் பெற்ற ஆற்றல் ஒருவகைக் கடன். ஓட்டம் நின்ற பின்னரும் நண்டு மிகுதியாக ஆக்சிஜனை ஏற்பது அக்கடனைத் தீர்ப்பதற்கே. தேங்கிய லாக்டிக் அமிலம் முற்றும் நீங்கப் பல மணி நேரம் ஆகலாம்.

அமெரிக்கக் கரையோர மணல் நண்டுகளைச் சிறிய ஓடுபொறியின்மீது ஓடவிட்டு ஆய்வாளர்கள் சோதித்தனர். இடைவிடாது ஓடிய நண்டுகளைக் காட்டிலும், தக்க இடைவெளியில் நின்று நின்று ஓடியவை களைப்படையுமுன் கூடுதல் தொலைவைக் கடந்தன. ஓய்வும் ஓட்டத்தின் ஒரு பகுதியே என்பது இதனால் விளங்கும்.

நெடும்பயணம்

இவ்வுண்மையை இயற்கையில் காட்டுவது கிறிஸ்துமஸ் தீவின் செந்நண்டு. இந்தியப் பெருங்கடலில் ஜாவாவுக்குத் தெற்கே உள்ள இத்தீவு ஆஸ்திரேலியாவின் ஆட்சிக்குட்பட்டது. வறண்ட பருவத்தில் பெரும்பாலும் காட்டு வளைகளில் அடங்கிக் கிடக்கும் இந்நண்டுகள், மழைக்காலம் தொடங்கியதும் இனப்பெருக்கத்திற்காகக் கோடிக்கணக்கில் கடலை நோக்கிப் புறப்படுகின்றன. சில கிலோமீட்டர் நீளும் அப்பயணத்தில் அவை விரைவதில்லை. வெப்பம் மிகுந்த நண்பகலில் நிழலில் ஒதுங்கி, காலையிலும் மாலையிலும் நடக்கின்றன. ஆக்சிஜன் தரும் ஆற்றலின் எல்லைக்குள் நடையை அமைத்துக்கொள்வதால் கடன் பெருகுவதில்லை. வலுக்கட்டாயமாக விரட்டப்பட்டால் இதே நண்டு சில நிமிடங்களில் சோர்ந்துவிடும்.

பயணக் காலத்தில் அத்தீவின் சாலைகள் சில மூடப்படுகின்றன. நண்டுகள் கடந்து செல்லப் பாலமும் சுரங்க வழிகளும் அமைக்கப்பட்டுள்ளன.

நம் கடற்கரையில் துரத்தப்பட்ட நண்டு ஓரிடத்தில் அசையாது நிற்குமானால், அது அச்சம் நீங்கி நிற்பதன்று. செலவழித்த ஆற்றலை மீட்டுக்கொள்ள அதற்குச் சிறிது நேரம் வேண்டும். அந்நேரத்தை அதற்கு விட்டுக்கொடுப்பது, வளைவரை செல்லும் வாய்ப்பை அதற்கு அளிப்பதாகும்.