சொறியும் பூனை

தெருவில் அலைந்த பூனையை இரக்கத்தால் வீட்டிற்குக் கொணர்ந்தவர் பலர், சில நாட்களில் ஒரு கவலைக்கு ஆளாகின்றனர். வயிறார உண்ட பின்னும் அப்பூனை அமைதியாகப் படுப்பதில்லை. ஓயாது கழுத்தைச் சொறிகிறது, முதுகை நக்குகிறது, முடி உதிர்ந்து, தோல் சிவந்து, புண்ணாகிவிடுகிறது. இதற்குக் காரணம் யாது? நாம் செய்யத்தக்கது என்ன?

சொறிய வேண்டும் என்னும் விருப்பைத் தூண்டும் இனிமையற்ற உணர்ச்சியே அரிப்பு என்று 1660ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் சாமுவேல் ஹாஃபன்ரெஃபர் இலக்கணம் வகுத்தார். சொறிந்தால் சிறிது நேரம் சுகம் உண்டாகும். ஆனால் நகம் கீறிய தோலில் அழற்சி தோன்றி, மேலும் அரிப்பை விளைவிக்கும். கீறிய இடத்தில் கிருமிகள் புகுந்து சீழ் பிடிப்பதும் உண்டு. ஆகவே, புண்ணுக்கு மருந்திடுவது மட்டும் போதாது. அரிப்பின் மூலத்தைக் காண வேண்டும்.

அம்மூலத்தைப் புண் இருக்கும் இடமே பெரும்பாலும் சுட்டிவிடும். முதுகின் பின்புறமும் வாலின் அடியும் புண்ணாயிருந்தால் தெள்ளுப்பூச்சியை ஐயுறலாம். அதன் உமிழ்நீர் ஒவ்வாத பூனைக்குச் சில கடிகளே பெருந்தொல்லை தரும். பூனை தன் நாவினால் பூச்சிகளை நக்கி விழுங்கிவிடுவதால், அவை நம் கண்ணிற்குப் படாமலும் போகலாம். அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. பேன்சீப்பினால் முடியை வாரி, உதிரும் கருந்துகள்களை நனைத்த வெள்ளைத் தாளில் இடுங்கள். அவற்றைச் சுற்றிச் செந்நிறம் பரவினால், அவை இரத்தம் குடித்த தெள்ளின் எச்சமே ஆகும்.

காதினுள் காப்பிப் பொடி போன்ற கரிய அழுக்கு மிகுந்திருந்தால், அது காதில் வாழும் நுண்ணிய உண்ணிகளின் வேலையாகலாம். காது விளிம்பில் தொடங்கி முகத்திலும் கழுத்திலும் தோல் தடித்துப் பொருக்கு கட்டினால், அது பெரும்பாலும் சொறிநோய். வட்டமாக முடி உதிர்வது படர்தாமரையாக இருக்கலாம். பின்னிரண்டும் மனிதரையும் தொற்றக்கூடியவை. சில பூனைகளுக்கு உணவே ஒவ்வாமை தருவதும் உண்டு. இவற்றை ஐயமறத் தேர்ந்து கூறுபவர் கால்நடை மருத்துவரே.

இனி, செய்யத்தகாதவற்றைக் காண்போம். மண்ணெண்ணெய், பினாயில், கற்பூரத் தைலம் ஆகியவற்றைப் பூனையின் மேல் பூசலாகாது. பூசியதை அது நக்கி விழுங்கிவிடும். மேலும், சில நச்சுப் பொருள்களை மாற்றி வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நாய்களுக்கு உதவும் பெர்மெத்ரின் என்னும் பூச்சி மருந்து, பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் உண்டாக்கி உயிரையே மாய்க்கலாம். நாம் காய்ச்சலுக்கு உட்கொள்ளும் பாரசிட்டமாலும் அதற்கு நஞ்சே. இரக்கத்துடன் செய்த வைத்தியமே கொலையாக முடிவது இவ்வாறுதான்.

மருத்துவரிடம் செல்லும் வரை நகங்களின் கூர்நுனியை மட்டும் வெட்டலாம்; கழுத்தில் கூம்பு வடிவக் கவசம் அணிவிக்கலாம். பூனையைத் தொட்டபின் கைகளைச் சோப்பினால் கழுவுக. அது கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். வெறிநாய்க்கடி நோய் பூனையாலும் பரவும்.

தெள்ளே காரணமாயின், மருந்திட்ட சில வாரங்களில் பூச்சிகள் மீண்டும் தோன்றக் காணலாம். அதனால் மருந்து பயனற்றது என எண்ணற்க. தெள்ளின் முட்டைகள் பூனையின் உடலிலிருந்து உதிர்ந்து, பாயிலும் தரையிடுக்கிலும் வளர்கின்றன. கூட்டுப்புழுக்கள் பல மாதங்கள் வரை காத்திருந்து வெளிவரவும் கூடும். ஆதலால் வீட்டிலுள்ள நாய், பூனை அனைத்திற்கும் அவற்றிற்கு உரிய மருந்தை மருத்துவர் குறித்த காலம் வரை இடுதல் வேண்டும். படுக்கைத் துணிகளை வெந்நீரில் துவைத்து, தரையை நாள்தோறும் பெருக்க வேண்டும். இந்த உண்மையை அறியாமல், 'இது தீராத நோய்' என்று மனம் சலித்துப் பூனையை மீண்டும் தெருவில் விட்டுவிடுவோர் உளர். இன்னும் சில வாரங்கள் பொறுத்திருந்தால், அதன் புண் ஆறி, முடி வளர்வதை அவர்கள் கண்டிருப்பார்கள்.