உங்களுக்குத் தெரியுமா? வாந்தி மாத்திரையின் மறுபக்கம்

கீமோதெரபி வாந்தியை அடக்க வந்த மருந்து ஒண்டான்செட்ரான். அமெரிக்காவில் 1991-ல் அனுமதி கிடைத்தது. இப்போது மலைப்பாதை பஸ் ஏறும் முன்பே கேட்டு வாங்கிப் போடுகிறார்கள். பயண வாந்திக்கு அது பெரிதாக வேலை செய்யாது என்பதுதான் வேடிக்கை!

* * *

நம் உடம்பிலுள்ள செரோட்டோனினில் சுமார் 90 சதவீதம் இருப்பது குடல் பக்கம். ஒண்டான்செட்ரான் தடுப்பது அந்த செரோட்டோனினின் சமிக்ஞையை. வாந்தி நிற்கும், மலமும் சேர்ந்து நின்றுவிடலாம். தலைவலியும் சகஜம்.

* * *

இதே மருந்தை 32 மி.கி. அளவில் ஒரே தடவையாக நரம்பில் ஏற்றும் முறை, இதயத் துடிப்பின் தாளம் கெடும் அபாயத்தால் 2012-ல் அமெரிக்காவில் கைவிடப்பட்டது. ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் ஆபத்து கூடும். பொட்டாசியம் யாருக்குக் குறையும்? வாந்தியும் பேதியுமாகக் கிடப்பவருக்குத்தான்.

* * *

வாந்திக்கு மாத்திரை போட்ட மறுநாள், கல்லூரிப் பெண்ணுக்குக் கழுத்து ஒரு பக்கம் திருகிக்கொள்கிறது. கண்கள் மேலே செருகி நிற்கின்றன. தாடை இறுகிவிட்டது, நினைவு மட்டும் தெளிவாக இருக்கிறது. வீட்டில் ஒருவர் வலிப்பு என்பார், இன்னொருவர் காத்து கருப்பு என்பார். விவரம் தெரிந்த டாக்டர் முதலில் கேட்பது, “வாந்திக்கு ஏதாவது குடுத்தீங்களாம்மா?” அந்த மாத்திரையிலிருந்த மெட்டோகுளோப்ரமைடு மூளையில் டோபமைனைத் தடுப்பதால் வரும் தசைப்பிடிப்பு இது. குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும்தான் அதிகம். மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் சில நிமிடங்களில் கழுத்து நேராகிவிடும். பூசாரியைத் தேடி அலைய வேண்டாம்.

* * *

அதே மெட்டோகுளோப்ரமைடை மாதக்கணக்கில் விழுங்கினால் வருவது வேறு வகை: உதடு சப்புவது, நாக்கைத் துருத்துவது எனத் தானாக நடக்கும் அசைவுகள். மருந்தை நிறுத்திய பிறகும் சிலருக்கு இவை நிற்பதில்லை. அமெரிக்கா 2009-ல் கட்டம் கட்டி எச்சரித்தது: 12 வாரம் தாண்டக் கூடாது. ஐரோப்பா 2013-ல் இன்னும் கறார், 5 நாள்தான்.

* * *

இன்னொரு வாந்தி மருந்தான டோம்பெரிடோன் மூளைக்குள் எளிதில் நுழையாது. ஆகவே கழுத்துத் திருகல் அபூர்வம். ஆனால் புரோலாக்டின் ஹார்மோனை ஏற்றிவிடும். பிள்ளை பெறாதவருக்கும் பால் சுரக்கலாம், ஆண்களுக்கு மார்பு வீங்கலாம். காலையில் வெறும் வயிற்றில் போடும் ‘கேஸ் மாத்திரை’கள் பலவற்றில் இதுவும் கலந்திருக்கிறது, அட்டையைத் திருப்பிப் படியுங்கள். இதயத்தைக் கருதி, பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் வேண்டாம் என 2014-ல் ஐரோப்பா சொல்லிவிட்டது. நம்மூரில் வருஷக்கணக்கில் போடுகிறவர்கள் உண்டு.

* * *

கீமோவின்போது வாந்திக்குத் தரப்படும் அப்ரெபிடன்ட், கருத்தடை மாத்திரையின் வீரியத்தைக் குறைக்கும். அப்ரெபிடன்டை முடித்த பிறகும் 28 நாள்வரை வேறு பாதுகாப்பு தேவை.