மாசம் 12 டாலரா, 6 டாலரா? அகதிகளின் சாப்பாட்டை முடிவு பண்றது யார்?

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் சுமார் 10 லட்சம் ரோஹிங்யா அகதிகள் வாழ்கிறார்கள். வெளியே போய் முறையாக வேலை பார்க்க அவர்களுக்கு அனுமதி இல்லை. சாப்பாட்டுக்குப் பெரிதும் நம்பியிருப்பது ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் மாதாமாதம் தரும் உணவுப்படியைத்தான். அந்தத் தொகைக்கு முகாம் கடையில் அரிசி, பருப்பு, எண்ணெய் வாங்கிக்கலாம்.

2025 மார்ச் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. தலைக்கு மாதம் 12.50 டாலராக இருந்த படி, ஏப்ரல் முதல் 6 டாலர்தான். நம்ம ஊர் கணக்கில் ஒரு நாளைக்குச் சுமார் 17 ரூபாய். மூணு வேளைக்கும் சேர்த்து!

நல்லவேளையாக மாதக் கடைசியில் நிதி கிடைக்க, 12 டாலர் என்று முடிவானது. ஆனா, எல்லா முறையும் இப்படி நடக்கல.

2023 மார்ச்சில் 12 டாலர் 10 ஆனது, ஜூனில் 8 ஆனது. அந்த ஆண்டு இறுதிக்குள் முகாம்களில் தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடு 15.1 சதவீதத்தைத் தொட்டது. 15-ஐத் தாண்டினாலே உலக சுகாதார அமைப்பின் அளவுகோலில் அது அவசரநிலை.

உலகத்தில் உணவு போதவில்லையா?

அப்படி இல்லை. எல்லோருக்கும் போதுமான அளவு விளைகிறது. ஆனாலும் போர், வறுமை, பருவநிலை மாற்றம் காரணமாக 2024-ல் சுமார் 67.3 கோடி பேர் பசியோடு இருந்தார்கள் என்கிறது ஐ.நா. அறிக்கை. அதாவது 12 பேரில் ஒருவர்.

2030-க்குள் பசியை ஒழிப்போம் என்று 2015-ல் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. இப்போதைய கணிப்புப்படி, 2030-லும் சுமார் 51 கோடி பேர் பசியோடுதான் இருப்பார்கள்.

சரி, பணம் எங்கிருந்து வருது?

இங்கதான் சிக்கலே. 1961-ல் சோதனை முயற்சியாக உருவாக்கப்பட்ட உலக உணவுத் திட்டம், 2020-ல் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியது. ஆனால், நிலையான வருமானம் கிடையாது. ஐ.நா.வின் பொது பட்ஜெட்டுக்கு உறுப்பு நாடுகள் கட்டாயம் சந்தா கட்டணும். இதற்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. முழுக்க முழுக்க நன்கொடைதான்.

2024-ல் கிடைத்தது சுமார் 980 கோடி டாலர். அதில் கிட்டத்தட்ட பாதியைக் கொடுத்தது அமெரிக்கா. 2025-ல் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியது, பிரிட்டன் போன்ற நாடுகளும் குறைத்துக்கொள்ள முடிவெடுத்தன. அந்த ஆண்டுக்கான நிதி 640 கோடி டாலராகச் சுருங்கும் என்று கணிக்கப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு காலி.

கிடைத்த பணத்தைத் தேவைப்படும் இடத்துக்கு மாத்தலாமா?

பெரும்பாலும் முடியாது. 'இந்த நாட்டுக்கு, இந்தத் திட்டத்துக்கு' என்று குறிப்பிட்டுத்தான் நாடுகள் தருகின்றன. அதனால் செய்திகளில் அடிபடும் போருக்கு நிதி வருகிறது. உலகம் மறந்துபோன முகாமில் படி குறைகிறது.

அப்போ ஒத்துழைப்பே வேலைக்கு ஆகாதா?

ஆகும். 2022 பிப்ரவரியில் ஆப்கானிஸ்தானுக்கு 50,000 டன் கோதுமை தரும் பணியை இந்தியா தொடங்கியது. முதல் 2,500 டன், 50 லாரிகளில் அட்டாரி எல்லையைத் தாண்டி பாகிஸ்தான் வழியாகப் போனது. இரு நாட்டு வர்த்தகம் 2019-லிருந்தே முடங்கிக் கிடந்த நேரம் அது. கோதுமை இந்தியாவுடையது, வழி பாகிஸ்தானுடையது, மக்களிடம் சேர்த்தது உலக உணவுத் திட்டம்.

ஒருமுறை உதவி இப்படி வந்துவிடும். தொடர்ந்து வருவதுதான் கஷ்டம். அதனால்தான் பல ஆண்டுகளுக்கான நிதியை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள், எங்கே செலவிடுவது என்ற நிபந்தனையைத் தளர்த்துங்கள் என்று நன்கொடை நாடுகளிடம் கேட்கப்படுகிறது.

அது நடக்கும் வரை, அடுத்த மாதம் 12 டாலரா 6 டாலரா என்பது காக்ஸ் பஜாரில் இருக்கும் ஒரு தாய்க்கு முன்கூட்டியே தெரியப்போவதில்லை.