ஏரி ஓரம் ஓடலாம்! பழவேற்காட்டில் 3 பாதைகள்

ஓடுவதற்குப் பணம் வேண்டாம். பெரிய மைதானம் வேண்டாம். நல்ல பாதை ஒன்று இருந்தால் போதும்!

அப்படிப்பட்ட பாதைகள் பழவேற்காட்டில் இருக்கின்றன. ஒரு பக்கம் ஏரி. மறு பக்கம் கடல். நடுவே மணல் திட்டு. மூன்றையும் ஒரே காலையில் காலால் அளந்து விடலாம்.

பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் மீனவர் ஊர். சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி. மீ. தூரம். பொன்னேரி வரை ரெயிலில் வந்து, அங்கிருந்து பஸ் ஏறலாம்.

ஓட முடியாதவர்கள் வேகமாக நடக்கலாம். நடந்தாலும் உடம்புக்கு நல்லதுதான். தமிழக அரசு 2023-ம் ஆண்டு நவம்பர் மாதம் "நடப்போம், நலம் பெறுவோம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. மாவட்டந்தோறும் 8 கி. மீ. நடைபாதை அமைப்பது அந்தத் திட்டம். பழவேற்காட்டு மக்களுக்கோ, நடை என்பது திட்டம் அல்ல, பிழைப்பு!

முதல் பாதை: டச்சுக்காரர் தெரு

புதிதாக ஓடுகிறவர்களுக்கு ஏற்றது இது. தூரம் குறைவு. கடைத்தெருவில் தொடங்கி, டச்சுக்காரர் கல்லறைத் தோட்டம், கோட்டை மேடு, ஏரிக்கரை என்று ஒரு சுற்றுச் சுற்றி வரலாம்.

1613-ம் ஆண்டு டச்சுக்காரர்கள் இங்கே ஒரு கோட்டை கட்டினார்கள். தங்கள் நாட்டு மாகாணம் ஒன்றின் பெயரால் அதற்குக் "கெல்ட்ரியா" என்று பெயர் வைத்தார்கள். இன்று கோட்டை இல்லை. புதர் மண்டிய மேடுதான் மிச்சம்.

கல்லறைத் தோட்டம் மட்டும் நன்றாக இருக்கிறது. மத்திய தொல்பொருள் துறை அதைப் பாதுகாத்து வருகிறது. வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். "பிறந்தவர் எல்லாம் இறப்பது நிச்சயம்" என்று அவை நினைவூட்டுகின்றன. இங்கே ஓட வேண்டாம். நின்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இந்த ஊரிலிருந்து அந்தக் காலத்தில் துணிகள் கப்பல் ஏறின. மலேசியாவில் கட்டம் போட்ட கைலிக்கு இன்றும் "காயின் பெலிக்கட்" என்று பெயர். "பெலிக்கட்" என்பது வேறு எதுவும் அல்ல. "புலிகாட்" என்று வெள்ளைக்காரர்கள் அழைத்த நம் பழவேற்காடுதான்!

இரண்டாம் பாதை: கலங்கரை விளக்கம்

ஊரிலிருந்து பாலத்தைக் கடந்தால் மணல் திட்டு. அங்கே கலங்கரை விளக்கமும், அதன் பெயரால் அமைந்த லைட் ஹவுஸ் குப்பமும் இருக்கின்றன. அதைத் தாண்டினால் வங்கக் கடல்.

பாலத்தின் மேல் சற்று நில்லுங்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர்! இந்தியாவின் உப்பங்கழி ஏரிகளில், ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்தபடி பெரியது இதுதான். இதன் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. ஆரணி ஆறும் காளங்கி ஆறும் இதில் வந்து விழுகின்றன. தெற்கே எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் இதில் கலக்கிறது.

குளிர்காலத்தில் வந்தால் பூநாரைகளைப் பார்க்கலாம். அவை உண்ணும் பாசியிலும் சிறு இறாலிலும் உள்ள நிறச்சத்துதான் இறகுக்கு இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. பறவைகளைக் கண்டால் கூச்சல் போடாதீர்கள். கிட்டே ஓடாதீர்கள்.

வடக்கே இருக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து ராக்கெட் கிளம்பினால் இந்தக் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம். ஊருக்கே அது வேடிக்கை. ஆனால், அன்று மீனவர்கள் கடலுக்குப் போகக்கூடாது. கடலுக்குப் போகாவிட்டால் கூலி ஏது?

மூன்றாம் பாதை: குப்பங்கள்

இது நெடுந்தூரம் ஓடிப் பழகியவர்களுக்கு. லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்து தெற்கே காட்டுப்பள்ளி வரை ஏறத்தாழ 12 கி. மீ. அரங்கன் குப்பம், வைரவன் குப்பம், கோரைக் குப்பம் என்று வரிசையாக மீனவர் ஊர்கள் வரும்.

மணலில் ஓடுவது எளிது என்று எண்ணிவிடாதீர்கள். பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானிகள் 1998-ல் இதை அளந்து பார்த்தார்கள். கெட்டித் தரையில் ஓடுவதைவிட மணலில் ஓட 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. நடப்பதற்கோ இரண்டு மடங்குக்கு மேல்! கடல் வற்றும் நேரத்தில், ஈரம் காயாத மணலில் ஓடினால் கால் புதையாது.

வழியில் வலைகள் காயும். மிதிக்காதீர்கள். ஒரு வலை கிழிந்தால் ஒரு குடும்பத்தின் அன்றாட வருமானம் போயிற்று. வழி தெரியாவிட்டால், "அண்ணே, இப்படிப் போகலாமா?" என்று கேளுங்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

காலையில் இதே வழியாக மீன் கூடையைத் தலையில் சுமந்து பெண்கள் விரைவார்கள். ஏரியில் இறங்கி, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களைப் பார்க்கலாம். போலீஸ் வேலைக்குக் காத்திருக்கும் வாலிபர்களுக்கும் இத்தகைய பாதைதான் பயிற்சிக் களம். ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓடி முடித்தால்தான் அடுத்த தேர்வு!

பாதை யாருக்குச் சொந்தம்?

இங்கிலாந்தில் கிராமத்து ஒற்றையடிப் பாதைக்குக்கூடச் சட்டம் உண்டு. 1949-ல் வந்த சட்டப்படி, வயல் நடுவே போகும் பொதுப் பாதைகளையும் அரசாங்கப் படத்தில் குறிக்க வேண்டும். படத்தில் ஏறிய பாதையை, நிலத்தின் சொந்தக்காரரும் அடைக்க முடியாது. அதனால்தான் அங்கே வயலோரமும் தோப்போரமும் ஜனங்கள் அச்சமின்றி ஓடுகிறார்கள்.

நம் நாட்டில் 1882-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு வழியை 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையோடு பயன்படுத்தி வந்தால், அந்த வழியில் போகும் உரிமை நிலைத்துவிடும். அரசாங்க நிலமானால் 30 ஆண்டுகள். ஆனால் இதைக் கோர்ட்டில் நிரூபிக்க வேண்டும். கூடை சுமக்கும் பெண்ணுக்குக் கோர்ட்டுப் படி ஏற நேரம் ஏது?

காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்தபோது, அங்கிருந்த குப்பத்து மக்கள் வேறிடத்தில் குடியமர்த்தப்பட்டார்கள். 2013-ல் துறைமுகம் திறக்கப்பட்டது. பிறகு அதைப் பெரிதாக்கும் திட்டம் வந்தது. கடல் அரிப்பு கூடும், மீன்பாடு குறையும் என்று சொல்லி மீனவர் ஊர்கள் எதிர்த்தன. துறைமுகத்தால் வேலையும் வியாபாரமும் பெருகும் என்பது மறுபக்கத்து வாதம். எது எப்படியானாலும், கரை கரைந்தால் பாதையும் கரையும். புயல் காலங்களில் குப்பத்துச் சாலையில் கடல் நீரும் மணலும் ஏறுவது உண்டு. அப்போது மாணவர்களும் நோயாளிகளும் படும் பாடு கொஞ்சமல்ல.

கவனம் தேவை!

விடியற்காலையில் தொடங்குங்கள். வெயில் ஏறுமுன் திரும்பிவிடுங்கள். குடிதண்ணீர் கையில் இருக்கட்டும். நாய் குரைத்தால் ஓடாதீர்கள். மெல்ல நடந்து கடந்துவிடுங்கள்.

ஏரியின் சேற்றில் இறங்காதீர்கள். ஆழம் தெரியாது. உல்லாசப் படகுச் சவாரிக்கு ஆசைப்படாதீர்கள். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் தினத்தன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அந்தத் துயரத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை.

காகிதம், பிளாஸ்டிக் எதையும் போட்டுவிட்டு வராதீர்கள். கரையில் ஒரு டீ குடியுங்கள். மீன் வாங்குங்கள். ஊருக்கு நாலு காசு சேரட்டும்!

ஜனங்கள் நடக்க நடக்கத்தான் பாதை நிலைக்கும். நடப்பார் இல்லாத பாதையை முள் மூடும். இல்லாவிட்டால் வேலி மூடும். பழவேற்காட்டுப் பாதையில் நீங்கள் வைக்கும் ஒவ்வொரு அடியும் உங்கள் உடம்புக்கும் நல்லது; அந்த ஊருக்கும் நல்லது.