எழுதிய வரிசையிலேயே தெரியுமா?

மெய்நிகர் கணினிக்குள் தெரிகிற நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் வெறும் மென்பொருள்தான். லினக்ஸ் உலகில் இதற்குப் பரவலாகப் பயன்படுவது ரஸ்டி ரஸ்ஸல் உருவாக்கிய விர்ட்ஐஓ. இதில் உள்ளே இருக்கும் டிரைவருக்கும் வெளியே இருக்கும் ஹோஸ்டுக்கும் பொதுவாக ஒரு நினைவகப் பகுதி உண்டு. அனுப்ப வேண்டிய பேக்கட் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்று டிரைவர் அதில் எழுதும். பிறகு, இதுவரை கொடுத்தவற்றின் எண்ணிக்கையை ஒன்று கூட்டும். எண்ணிக்கை கூடியதைப் பார்த்துத்தான் ஹோஸ்ட் பேக்கட்டை எடுக்கும். எண்ணிக்கை முந்திக்கொண்டு, முகவரி பிந்தித் தெரிந்தால், பழைய முகவரியில் கிடக்கும் வேறேதோ தரவு வெளியே போய்விடும். வேகத்துக்காக இப்படி முன்பின் மாற்ற ஆர்ம் பிராசசருக்கு உரிமை உண்டு. வரிசை முக்கியம் என்றால் மெமரி பேரியர் என்ற கட்டளையால் அதைச் சொல்லிவிட வேண்டியது டிரைவரின் பொறுப்பு.

“இன்டெல் சர்வர்களில் வருடக்கணக்காகச் சிக்கலில்லாமல் ஓடுகிறதே” என்பார்கள். ஓடும்தான், அங்கே நினைவகத்தில் செய்யும் எழுத்துகள் எழுதிய வரிசையிலேயே மற்ற கோர்களுக்கும் தெரியும். ஆனால் ஓரிடத்தில் எழுதிவிட்டு வேறோர் இடத்தைப் படித்தால், அந்தப் படிப்பு எழுத்தை முந்த இன்டெலும் விடுகிறது. கடினமான பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. பேக்கட்டுக்குப் பேக்கட் ஹோஸ்டை எழுப்புவது பெருஞ்செலவு என்பதால், விழித்திருக்கும்போது ஹோஸ்ட் ‘எழுப்பாதே’ என்று குறி வைக்கிறது. தூங்கப்போகுமுன் குறியை நீக்கி, எண்ணிக்கையைக் கடைசியாக ஒருமுறை பார்க்கிறது. அதே நொடியில் டிரைவர் எண்ணிக்கையைக் கூட்டி, குறியைப் பார்க்கிறது. இரண்டு படிப்புகளும் எழுத்துகளை முந்தினால், டிரைவர் கண்ணில் படுவது பழைய குறி. ஹோஸ்ட் கண்ணில் படுவது பழைய எண்ணிக்கை. எழுப்ப வேண்டியதில்லை என்று ஒன்றும், வேலை ஏதுமில்லை என்று மற்றொன்றும் இருந்துவிட, பேக்கட் அங்கேயே கிடக்கும். லாக் எழுதிக் கண்டுபிடிக்கலாம் என்றால், அந்தச் சிறு தாமதத்திலேயே பிழை மறைந்துவிடும். ஆகவே சோதனையில் தேறியது என்பது இங்கே சான்றாகாது.

அப்படியானால் எல்லா இடத்திலும் பலமான பேரியரையே போட்டுவிடலாமே? 10 கிகாபிட் இணைப்பில் மிகச்சிறிய பேக்கட்டுகள் விநாடிக்குச் சுமார் 1.48 கோடி வரலாம். ஒன்றுக்குக் கிடைப்பது 67 நானோவிநாடி. அதில் வீணாக்க இடமில்லை. அதைவிட முக்கியமானது, பேரியர் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பயனில்லை. எழுதுபவர் வரிசை காத்தாலும், படிப்பவர் காக்காவிட்டால் பழைய தவறுதான். எனவே திருத்தம் என்பது இணையைக் கண்டுபிடிப்பது: எந்த எழுத்து, மறுபக்கத்தின் எந்தப் படிப்புக்கு முன்னால் தெரிந்தாக வேண்டும்? மறுபக்கத்தை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு லினக்ஸிலேயே சான்று உண்டு. ஒரே பிராசசருக்கென்று கம்பைல் செய்த கெர்னலில், பிராசசர்களுக்கு இடையே வரிசை காக்கும் வழக்கமான பேரியர்கள் பிராசசருக்கான கட்டளையாக மிஞ்சுவதில்லை. ஆனால் மெய்நிகர் கணினிக்குள் பிராசசர் ஒன்றுதான் என்றாலும் ஹோஸ்ட் வேறு கோரில் ஓடிக்கொண்டிருக்கும். இதற்கென்றே மெய்நிகர் கணினிகளுக்கான தனிப் பேரியர்கள் 2016-இல் லினக்ஸ் 4.5-இல் வந்தன. பேரியருக்கு மேலே ஏன் என்று குறிப்பு எழுதாவிட்டால், கெர்னலின் செக்பேட்ச் கருவி எச்சரிக்கும். மறுபக்க இணை எது என்பதையும் அந்தக் குறிப்பிலேயே எழுதிவிட வேண்டும்.